மதினி வாங்கிய லேத்

மதினி கொண்டையிலிருந்து ஊசியை உருவி, அந்த மிஷினின் பச்சைப் பெயிண்ட்டைச் சுரண்டத் தொடங்கியதும் கடைக்காரருக்கு முகம் மாறிப்போனது. கஞ்சிக்கோட்டில், மூடிய கம்பெனிகளின் பழைய மிஷின்களை வாங்கி விற்கிற ஒரு தகரக் கொட்டகை அது. வாசலிலேயே, இரும்பைக் கடைகிற லேத்துகள் வரிசையாக, கல்யாணத்துக்குப் புறப்பட்டவை மாதிரிப் பளபளவென்று நின்றன. கூடப் போன நான் அதில் அழகான ஒன்றைக் காட்டி, இதையே முடித்துவிடலாம் மதினி என்று சொல்லி வாய் மூடுவதற்குள் அவள் குனிந்துவிட்டாள். பெயிண்ட் பொருக்குப் பொருக்காக வந்தது. அதற்கு அடியில் வேறொரு நிறம், அதற்கும் அடியில் வெள்ளையாகப் பூசிய பட்டி, பட்டிக்கு அடியில் வெல்டிங் வைத்து ஒட்டிய ஒரு விரிசல். "ஏனுங்க அக்கா, பெயிண்ட்டப் போய்ச் சொரண்டறீங்க? நேத்துத்தானுங்க அடிச்சது" என்றார் கடைக்காரர். மதினி ஊசியை முந்தானையில் துடைத்துக் கொண்டையில் செருகிக்கொண்டு, "நேத்து அடிச்சதாலதான் சுரண்டுதேன்" என்றாள்.

பெயிண்ட் என்றாலே தேயிலை எஸ்டேட்டில் வேலை செய்த எங்களுக்கு ஒரு சந்தேகம் உண்டு. பெரிய துரை விசிட்டுக்கு வருகிறார் என்று தெரிந்தால் போதும், முந்தின வாரமே எஸ்டேட் முழுக்கப் பெயிண்ட் வாடை அடிக்கும். ரோட்டோரக் கல்லுக்கெல்லாம் வெள்ளை அடிப்பார்கள். நாங்கள் வரிசையாகக் குடியிருக்கிற லயத்தின் முன்சுவருக்கு வெள்ளை. பின்சுவரில் மழைத்தண்ணீர் ஒழுகிப் பாசி பிடித்துக் கிடக்கும், அதை யார் பார்க்கப் போகிறார்? ஃபேக்டரிக்குள் மிஷினின் உடைந்த மூடியைக் கம்பியால் கட்டி அதன் மேல் பச்சை அடிப்பார்கள். அந்தப் பிரஷ்ஷைப் பிடித்துப் பிடித்து மதினியின் கை காய்த்துப் போயிருந்தது. துரை வந்து தலையை ஆட்டிவிட்டுப் போவார். எதன் மேல் புதுப் பெயிண்ட் இருக்கிறதோ அதில்தான் கோளாறு இருக்கிறது என்பது எங்களில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எஸ்டேட் எங்களுக்குக் கொடுத்தது ரொம்பக் கொஞ்சம், அந்தக் கொஞ்சத்தில் இந்தப் புத்தியும் ஒன்று.

மதினி என் அண்ணன் பெண்டாட்டி. குமுளிக்கு மேலே மலையாள மண்ணில், ஏலப்பாறைக்குப் பக்கத்து எஸ்டேட் ஒன்றின் லயத்தில் பிறந்து, அங்கேயே கொழுந்து எடுத்து, அப்புறம் ஃபேக்டரிக்குள் போனவள். ஃபேக்டரியில் பொம்பளைகளுக்குத் தூள் சலிப்பதும் கூட்டிப் பெருக்குவதும்தான் வேலை. ஆள் குறைந்த ஒரு சமயத்தில் அவளை ஒர்க்‌ஷாப்பில் உதவிக்குப் போட்டார்கள். இலையை நறுக்குகிற ரோலர்களின் பல் மழுங்கிவிட்டால் அதைக் கழற்றி லேத்தில் மாட்டிப் புதுப் பல் வெட்டுவார்கள். லேத் ஓட்டுகிறவர் கேட்கிற சாமானை எடுத்துக் கொடுப்பது, விழுகிற இரும்புச் சுருளை அள்ளுவது, எண்ணெய் விடுவது எல்லாம் மதினி. கைப்பிடியைச் சுற்றுவது மட்டும் அவள் இல்லை. சுற்றக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. அவளும் சுற்றலாம் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான். எனக்கு இன்றைக்கும் வயிறு எரிவது இதற்குத்தான். தடுத்திருந்தால் மல்லுக்கு நிற்கலாம், தோன்றாமலே போனதை யாரோடு போய்ச் சண்டை பிடிப்பது? பாதி ஆயுசை அந்த மிஷினுக்கு ஒரு கை தூரத்தில் நின்றே கழித்துவிட்டாள்.

ஃபேக்டரி மூடிக் கணக்கு முடித்தபோது லயத்தைக் காலி செய்துவிட்டு, ரோட்டுக்கு மேலே முன்பே வாங்கிப் போட்டிருந்த சின்ன இடத்தில் தகரக் கூரை வீடு ஒன்று கட்டிக்கொண்டார்கள். கட்டிய கை காய்வதற்குள் அண்ணன் வேறு பாட்டுப் பாட ஆரம்பித்தான். வீட்டை விற்றுவிட்டு ஊருக்குப் போய்விடலாம். ஊர் என்றால் சங்கரன்கோவிலுக்கு அந்தப் பக்கம், எங்கள் தாத்தா விட்டுவிட்டு வந்த ஊர். பங்காக ஒரு துண்டுப் புஞ்சை அங்கே கிடந்தது. அண்ணனும் அங்கே பிறந்தவன் இல்லை. கோயில் கொடைக்குப் போய்ப் பொங்கல் வைத்துவிட்டு வந்ததுதான் அவனுக்கும் அந்த மண்ணுக்கும் உள்ள பழக்கம். ஆனாலும் எந்தக் கடையில் நின்றாலும் தமிழன் என்று தெரிந்து "நாட்டுக்கு எப்பப் போறீங்க" என்று யாராவது கேட்கக் கேட்க, போகவேண்டியவர்கள்தான் போலிருக்கிறது என்று அவனே நம்பிவிட்டான். மதினிக்கு அந்தப் பேச்சைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். அங்கே எனக்கு யாரைத் தெரியும், எந்தக் கிணற்றில் தண்ணீர் எடுப்பேன், செத்தால் தூக்க யார் வருவார் என்று கேட்பாள். ஆனால் இடத்துக்கான பட்டயம் அண்ணன் பெயரில். அவன் ஒரு கையெழுத்துப் போட்டால் அவள் மூட்டை கட்டித்தான் ஆகவேண்டும். அந்த நேரத்தில்தான், கணக்கு முடித்ததில் தன் பங்குக்கு வந்த பணத்தில் லேத் ஒன்று வாங்கப்போகிறேன் என்று சொன்னாள்.

சொன்னதுதான் தாமதம், சொந்தக்காரர்கள் வாயில் வந்ததெல்லாம் பேசினார்கள். சங்கிலி வாங்கிப் போட்டுக்கொள்ளக் கூடாதா? பசு வாங்கினால் பாலாவது வருமே? லேத்தை வைத்து எந்தக் கம்பெனிக்கு வேலை எடுக்கப் போகிறாள்? வேலை எதுவும் எடுக்கவில்லை, எனக்கு ஆசை, சும்மா கடைந்து பார்க்கப் போகிறேன் என்று மதினி சொன்னதும் பேச்சு ரகசியமாகிவிட்டது. தலைக்குச் சரியில்லையோ என்று என்னிடம் தனியாகக் கேட்டார்கள். நான் டூரிஸ்டுகளுக்கு ஜீப் ஓட்டுகிறவன். பணம் கட்டி, முதுகில் கூடை மாட்டிக்கொண்டு, கொழுந்து கிள்ளுகிற மாதிரிப் போட்டோ எடுத்துக்கொள்கிற சனங்களைத் தினம் சுமக்கிறேன். அவர்களில் ஒருவருக்கும் தலைக்குச் சரியில்லை என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. எங்கள் வேலை அவர்களுக்குப் பொழுதுபோக்காக இருக்கலாம். எங்களுக்கு என்று ஒரு பொழுதுபோக்கு இருந்தால் வைத்தியம் பார்க்கவேண்டும். நல்ல நியாயம்! நான் மதினி பக்கம் என்று அன்றைக்கே எல்லோரிடமும் சொல்லிவிட்டேன்.

பீர்மேடு பக்கம் வீடு கட்டிக்கொண்டு வந்திருந்த ரிட்டையரான எஞ்சினியர் ஒருவர் என் ஜீப்பில் போவார், வருவார். அவர் வீட்டு மேஜை மேல் சின்ன லேத் ஒன்று வைத்திருந்தார், ஆன்லைனில் வாங்கியது. மதினியை அழைத்துப்போய்க் காட்டினேன். நல்ல மனுஷன். உட்காரவைத்து, சாயா கொடுத்து, ஓட்டியும் காட்டினார். புதுசு, வீட்டுக் கரண்டில் ஓடும், பித்தளைக்கும் அலுமினியத்துக்கும் தாராளமாகப் போதும், இரும்பில் கொஞ்சம் ஆழமாக வைத்தால் அதிரும் என்று உள்ளதைச் சொன்னார். விலையும் மதினிக்குக் கட்டுகிற விலைதான். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அந்த மிஷினின் ஓரத்தைப் பிடித்து லேசாகத் தூக்கிப் பார்த்தாள். அது கையோடு எழும்பியது. திரும்பி வருகிற வழியில் அதிர்வதைப் பற்றிச் சொன்னாள், வெட்டுகிற டூல் இரும்பில் இறங்கும்போது மிஷின் அசையாமல் நிற்க எடை வேண்டும் என்றாள். அப்புறம், "தூக்குற மாதிரி சாமானெல்லாம் வாங்கியாச்சு தம்பி. தூக்க முடியாதது ஒண்ணு வேணும்" என்றாள். லயத்து வீட்டில் யாரும் பீரோகூட வாங்கமாட்டார்கள். வேலை போனால் வீட்டைக் கொடுத்துவிட்டு இறங்கவேண்டும். அதனால் சாக்கில் கட்டுகிற மாதிரி, ஒருத்தர் தலையில் ஏற்றுகிற மாதிரித்தான் எங்கள் வீட்டுச் சாமான் எல்லாம் இருக்கும். அவள் என்ன சொல்கிறாள் என்று எனக்கு விளக்கவேண்டியிருக்கவில்லை.

பெரிய லேத் புதுசாக வாங்க அவள் பணம் போதாது. பழையதில்தான் பார்க்கவேண்டும் என்று ஆனபிறகு கஞ்சிக்கோடு போனோம். பெயிண்ட்டைச் சுரண்டியபிறகு கடைக்காரர் கோபித்துக்கொள்ளவில்லை. பெயிண்ட் அடிக்காட்டி ஒருத்தரும் திரும்பிப் பாக்கறதில்லீங்க அக்கா, நான் என்னங்க பண்ணட்டும் என்று உள்ளதைச் சொல்லிவிட்டு, பின்கட்டுக்குக் கூட்டிப்போனார். அங்கே எண்ணெயும் அழுக்குமாக, கவனிப்பாரில்லாமல் லேத் ஒன்று நின்றது. நாலரை அடி நீளம். நான் முகத்தைச் சுளித்தேன். மதினியின் முகம் மலர்ந்தது. லேத்தில் எல்லா வேலையும் இரும்பைக் கவ்விப் பிடிக்கிற சக்குக்குப் பக்கத்தில்தான் நடக்கும், அதனால் கீழே தண்டவாளம் மாதிரி நீள்கிற பெட் அந்த இடத்தில்தான் தேய்ந்திருக்கும் என்றாள். டூலைத் தாங்கிக்கொண்டு நகர்கிற பாகத்தைச் சக்குக்கு அருகில் கொண்டுவந்து ஆட்டம் இல்லாமல் இறுக்கச் சொன்னாள். பிறகு அதைக் கைப்பிடி சுற்றிக் கடைசிவரை தள்ளிப் பார்க்கவேண்டும். பெட் தேய்ந்திருந்தால் தேயாத பக்கம் போனதும் சிக்கி நின்றுவிடும். கடைக்காரர் இறுக்கிவிட்டு, தள்ளுங்க அக்கா என்று ஒதுங்கி நின்றார். மதினி கைப்பிடியைப் பிடித்தாள், ஆனால் சுற்றவில்லை. என்னைப் பார்த்தாள். அவள் கண் நிறைந்திருந்தது. ஒர்க்‌ஷாப்பில் அத்தனை வருஷம் நின்றவள், லேத்தின் கைப்பிடியை அன்றைக்குத்தான் முதன்முதலாகத் தொடுகிறாள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. சுற்றினாள். கடைசிக்குப் போகப் போக லேசாக இறுகியது, ஆனால் நிற்கவில்லை. இவ்வளவு தேய்மானம் இருந்துட்டுப் போகட்டும், நானும்தான் தேஞ்சிருக்கேன் என்று சொல்லிச் சிரித்தாள். ஃபேக்டரிக் கரண்டுக்கு உரிய மோட்டாரைக் கழற்றிவிட்டு வீட்டு லைனில் ஓடுகிற மோட்டாரை மாட்டித் தரவேண்டும் என்று பேசி முடித்தாள்.

பொள்ளாச்சி, பழனி, தேனி என்று சுற்றி, கம்பம் தாண்டி குமுளி மலை ஏறி அந்த லேத் வந்து சேர்ந்தது. மூன்று மூங்கிலை முக்காலியாக நட்டுச் சங்கிலி போட்டு இறக்கினோம். வீட்டுக்குப் பக்கத்தில் போட்ட கொட்டகையில் சிமெண்ட் மேடை கட்டி, போல்ட் வைத்துப் பதித்தோம். அக்கம்பக்கத்து மலையாளச் சேட்டன்மார் எல்லாம் வந்து கை கொடுத்தார்கள். அண்ணன் மட்டும் ரோட்டோரம் நின்று பீடி பிடித்துக்கொண்டிருந்தான். விற்கிற வீட்டில் எதற்கு மேடை என்று அவன் முனகியது எல்லோர் காதிலும் விழுந்தது. மதினி அன்றைக்கு ஒரு இரும்புக் கம்பியை மாட்டி, அது முழுதும் பளபளக்கிறவரை கடைந்தாள். அதை வைத்து எதுவும் செய்யவில்லை. கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தாள்.

வைகாசிப் பாதியில் வருகிற இடவப்பாதி மழை பிடித்தது. மழை விடாமல் அடித்து, மஞ்சு பனிப்புகையாகக் கொட்டகைக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொண்டது. தகரத்தில் ஒழுகியதால் வேலை நின்று, ஒரு வாரம் கழித்துப் போய் மூடியிருந்த சாக்கை எடுத்தாள். பெட் முழுக்கச் செம்மண் தடவினாற்போலத் துரு. மதினி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஃபேக்டரி லேத்தில் ஒரு பொட்டுத் துருவை அவள் கண்டதில்லை. மேலே சாக்குக்கூடப் போடாமல் விட்டுவிட்டுப் போவார்கள், மறுநாள் அப்படியே வெள்ளியாக இருக்கும். நல்ல இரும்பு துருப்பிடிக்காது என்று அவள் நினைத்திருந்தாள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், எஸ்டேட்டில் யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். வாசலில் நின்ற அண்ணன்தான் சிரித்தான். அவன் ஃபேக்டரியில் டிரையருக்குக் கீழே நெருப்புப் போட்டவன், தேயிலையைக் காயவைக்கிற அந்தப் பெரிய அடுப்பு அவன் பொறுப்பு. ஒர்க்‌ஷாப் அதை ஒட்டித்தான் இருந்தது. "அங்கன துரு ஏறலன்னா அது இரும்போட குணமா? கீழ நான் வெறகு போட்டேன்" என்றான்.

அதோடு விட்டிருக்கலாம். இந்த ஊரு இரும்புக்கே ஆகவில்லை, நமக்கு ஆகுமா என்று ஆரம்பித்துவிட்டான். நம்ம ஊருக்குக் கொண்டுபோனால் அந்த வெயிலுக்குத் துரு கிட்ட வராது, நீயும் கடையலாம், நானும் நிம்மதியாக இருப்பேன், மிஷினுக்காவது இரக்கப்படு என்றான். வேண்டாத மிஷினே அவனுக்கு வக்கீலாக வந்து நின்றதுபோல ஆயிற்று. மதினி மண்ணெண்ணெயும் உப்புத்தாளும் கொண்டுவந்து துருவைத் தேய்த்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள். தேய்த்து முடித்து எண்ணெய் பூசிவிட்டு எழுந்து, வீட்டுக்குள் நடந்து, சமையலறை வாசலில் நின்று அளந்து பார்த்தாள். எங்கள் மலையில் மழைக்காலத்தில் வீட்டுக்குள் காய்ந்த இடம் என்றால் விறகு அடுப்பு எரிகிற சமையலறைதான். ஈரத்துணி, குடை, விறகு எல்லாம் அங்கேதான் தொங்கும். மிஷின் இங்கே வரட்டும், காஸ் அடுப்பும் பாத்திரமும் கொட்டகைக்குப் போகட்டும் என்றாள். அண்ணன், "சோறு எங்கன பொங்க?" என்றான். "வெளிய பொங்குவோம். சோறு துருப்பிடிக்காது" என்றாள்.

மழை கொஞ்சம் வெளுத்ததும் சமையலறைச் சுவரை இடித்து, லேத்தை உருளையில் தள்ளி உள்ளே கொண்டுவந்து, மேடை கட்டிப் பதித்து, சுவரை மறுபடி எழுப்பினோம். இனி அதை வெளியே எடுக்க வேண்டுமென்றால் வீட்டை இடிக்கவேண்டும். அதுதான் வேண்டும் எனக்கு என்று மதினி ஊரெல்லாம் கேட்கச் சொன்னாள். அண்ணன் அவளோடு பேச்சை நிறுத்தினான். அவள் விறகு அடுப்பை மிஷினுக்காக மூட்டினாள். ஆனால் நெருப்புப் போடுவது அவளுக்கு வராத வேலை. ஈர விறகைத் திணித்து வீடு முழுக்கப் புகையைக் கிளப்பினாள். காலமெல்லாம் டிரையர் பார்த்தவனுக்கு அதைச் சகிக்க முடியுமா? நாலு நாள் இருமிக்கொண்டே பார்த்தான். ஐந்தாம் நாள் அவளை ஏசிக்கொண்டே தள்ளி உட்காரவைத்துவிட்டு, புகை இல்லாமல் சூடு மட்டும் வருகிற மாதிரி எரித்துக் காட்டினான். மறுநாளிலிருந்து எந்த விறகு எங்கே அடுக்கவேண்டும் என்று அவன்தான் சட்டம் போட்டான். அவனை யாரும் கூப்பிடவில்லை, போ என்றும் சொல்லவில்லை. அதைச் சொல்லி அவனை நான் கிண்டல் செய்தால் மட்டும், இந்த மழை முடியட்டும், வீட்டை விற்கத்தான் போகிறேன் என்று முறைப்பான்.

மதினி கடைந்தாள். சின்னதும் பெரிதுமாகக் குண்டுகள், உருளைகள், எதற்கும் பொருந்தாத நெட்டுகள். சன்னலோரம் வரிசையாக அடுக்கி வைத்தாள். பக்கத்துத் தோட்டத்துச் சேட்டன் ஒருவர் பம்ப்செட்டின் புஷ் வளையம் தேய்ந்துவிட்டது, கடைந்து கொடுத்தால் கூலி தருகிறேன் என்று கொண்டுவந்தார். முகத்தில் அடித்த மாதிரி முடியாது என்றுவிட்டாள். கட்டப்பனையில் கடை இருக்கிறது, அங்கே கொடுங்கள் என்றாள். வலிய வந்த கூலியைத் தள்ளுகிறாளே என்று எனக்கே ஒரு நிமிஷம் தோன்றியது. கூலிக்கு வேலை செய்து முடித்தாயிற்று தம்பி, இனிமேல் என் இஷ்டத்துக்கு என்றாள். சேட்டன் பாவம், அவருக்கு அது கடைசிவரை புரியவில்லை.

வீட்டை வாங்க அண்ணன் சொல்லிவைத்த ஆள் அடுத்த மழைக்காலத்தில் வந்தார். மதுரைப் பக்கத்துக்காரர். மேலே இருந்து பள்ளத்தாக்கு தெரிகிற இடமாகப் பார்த்து, டூரிஸ்டுகளுக்கு ரூம் கட்டுகிறவர். குமுளியிலிருந்து அவரைக் கூட்டிவா என்று அண்ணன் போன் பண்ணினான். மாட்டேன் என்றால் வேறு ஜீப்பில் வருவார், அவ்வளவுதானே என்று நானே போனேன். வழியெல்லாம் என் மூஞ்சி எப்படி இருந்தது என்று அவரைத்தான் கேட்கவேண்டும். வந்தவர் சுற்றிப் பார்த்தார், அவருக்கு இடம் பிடித்துப்போனது. விலை பேசக்கூட இல்லை, அண்ணன் கேட்டதைத் தருகிறேன் என்றார். பிறகு சமையலறைக்குள் எட்டிப் பார்த்தார். மதினி லேத்தை நிறுத்திவிட்டுக் கைப்பிடியில் கையை வைத்தபடி நின்றாள். அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் அடுப்புக்கு முன்னால் குந்தியிருந்தான்.

வந்தவருக்கு மிஷினைக் கண்டு சந்தோஷம் தாங்கவில்லை. இதை எடுக்கவே வேண்டாம் என்றார். இதைச் சுற்றி ஒரு டீக்கடை மாதிரி வைத்து, நல்ல பெயிண்ட் அடித்து, மேலே லைட்டுப் போட்டுவிட்டால் வருகிறவர்கள் எல்லாம் நின்று போட்டோ எடுப்பார்கள், பழைய சாமானுக்கு இப்போது நல்ல மதிப்பு என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அண்ணன் கையிலிருந்த விறகை அடுப்பில் வைத்து, நெருப்பைச் சரிசெய்துவிட்டு, முட்டியில் கையூன்றி எழுந்தான். அவன் முகம் அப்படிச் சிவந்து நான் பார்த்ததில்லை.

"அது ஓடுற மிஷினு. இது நாங்க இருக்கிற வீடு. நீங்க வேற இடம் பாருங்க" என்றான்.

வந்தவர் தொகையைக் கூட்டினார், அண்ணன் காதில் வாங்கவில்லை. வெளிக்காற்று வருது, கதவைச் சாத்து என்று என்னிடம் எரிந்து விழுந்தான். மதினி சுவிட்சைப் போட்டாள். அந்தச் சத்தத்தில் அப்புறம் யார் பேசியதும் யாருக்கும் கேட்கவில்லை.

அவரைத் திரும்ப குமுளிக்குக் கொண்டுபோனதும் நான்தான். வண்டிப்பெரியாறு தாண்டியதும் மனம் ஆறாமல் என்னைக் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். மலையாளி கேட்டாலும் தமிழன் கேட்டாலும் எங்களுக்கு அது ஒரே கேள்வி.

"வயசும் ஆச்சு, வேலையும் இல்ல. இவங்கல்லாம் எப்பத்தான் ஊருக்குப் போவாங்க?"

"ஊர்லதான் சார் இருக்காங்க" என்றேன்.